புதிய கார் வாங்கத் திட்டமா? மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை முதலில் கணக்கிடுங்கள்!

புது தில்லி: சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டதால், நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார் கனவு சற்றே எட்டும் தூரத்துக்கு வந்துள்ளது. எனினும், வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும் தொகை செலவிடப்படும் இந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழை, ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை மாதத் தவணையாகத் தொடரக்கூடியது. எந்த நிறுவனம், எந்த நிறம் என்று யோசிப்பதற்கு முன்பு இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். குடும்பத்தின் மாத வருமானத்தில் காருக்கு எவ்வளவு ஒதுக்க முடியும்? அந்தக் கார் மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

இந்த இரண்டு எண்களும் தெளிவானால், எரிபொருள், கியர், அளவு ஆகியவற்றைத் தேர்வு செய்வது எளிதாகிவிடும்.

வரிக் குறைப்பு எந்தக் கார்களுக்கு?

நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல், எல்பிஜி அல்லது சிஎன்ஜி என்றால் 1,200 சிசிக்கு மிகாத எஞ்சினும், டீசல் என்றால் 1,500 சிசிக்கு மிகாத எஞ்சினும் கொண்ட கார்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. முன்பு இவற்றுக்கு 28 சதவீத வரியும், அதன் மேல் இழப்பீட்டு செஸ்ஸும் இருந்தன. நீளத்திலோ எஞ்சின் அளவிலோ இந்த வரம்பைத் தாண்டும் கார்களுக்கு வரி 40 சதவீதம். மின்சாரக் கார்களுக்கு ஏற்கெனவே இருந்த 5 சதவீத வரியே நீடிக்கிறது.

ஆகவே, ஒரே விலையில் இரு கார்கள் இருந்தாலும், பெரிய காரின் விலையில் வரியாகச் செல்லும் பங்கு அதிகம். நகரத்துக்குள் மட்டுமே ஓட்டும் சிறு குடும்பத்துக்கு நான்கு மீட்டருக்குட்பட்ட கார் லாபகரமாக அமைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஷோரூம் விலை வேறு, சாலைக்கு வரும் விலை வேறு

விளம்பரங்களில் காணப்படும் எக்ஸ்-ஷோரூம் விலையில் ஜிஎஸ்டி அடங்கியிருக்கும். மாநில அரசின் சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, ஃபாஸ்டேக் ஆகியவை அதற்கு மேல் சேரும். இவற்றுள் பெரிய தொகை சாலை வரி. இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

8 லட்சம் ரூபாய் விலையுள்ள பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். தில்லியில் இந்த விலைப் பிரிவுக்கு 7 சதவீத வரி, அதாவது 56,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 13 சதவீதம், அதாவது 1,04,000 ரூபாய். கர்நாடகத்தில் 14 சதவீத வரியுடன் மேல்வரியும் சேர்ந்து ஏறத்தாழ 1.25 லட்சம் ரூபாய். ஒரே காருக்குத் தில்லிக்கும் பெங்களூருவுக்கும் இடையே கிட்டத்தட்ட 70,000 ரூபாய் வித்தியாசம் உள்ளது.

வரி குறைவு என்பதற்காக வேறு மாநிலத்தில் பதிவு செய்வதும் நிரந்தரத் தீர்வாகாது. ஒரு மாநிலத்தில் பதிவான வாகனம் இன்னொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கப்பட்டால், அங்கு புதிய பதிவு எண் பெற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அந்த மாநிலத்துக்குரிய வரியையும் அப்போது செலுத்த வேண்டியிருக்கும்.

10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு விற்பனையின்போதே 1 சதவீத டிசிஎஸ் வசூலிக்கப்படும். இத்தொகையை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுசெய்துகொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம்.

தவணை குறைந்தால் வட்டி கூடும்

மேற்கண்ட 8 லட்சம் ரூபாய் காரைப் பெங்களூருவில் வாங்குவதாகக் கொள்வோம். சாலை வரியும், ஏறத்தாழ 40,000 ரூபாய் காப்பீடும், பிற கட்டணங்களும் சேர்ந்து மொத்தச் செலவு 9.7 லட்சம் ரூபாயை எட்டும். 2.7 லட்சம் ரூபாயைக் கையிலிருந்து செலுத்தி, 7 லட்சம் ரூபாய்க்கு 9 சதவீத வட்டியில் கடன் பெற்றால், ஐந்தாண்டுக் காலத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 14,530 ரூபாய். மொத்த வட்டி 1.72 லட்சம் ரூபாய்.

அதே கடனை ஏழாண்டுகளுக்கு நீட்டித்தால் தவணை 11,260 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்த வட்டி 2.46 லட்சம் ரூபாயாக உயரும். மாதம் 3,270 ரூபாய் குறைவதற்காகக் கூடுதலாகச் செலுத்தும் வட்டி 74,000 ரூபாய். அதே வேளையில் காரின் மதிப்பும் சரிந்துகொண்டே வரும். காப்பீட்டுக் கணக்கில் கையாளப்படும் தேய்மான அட்டவணைப்படி, நான்கு ஆண்டுகளைக் கடந்து ஐந்தாம் ஆண்டில் உள்ள காரின் மதிப்பில் 50 சதவீதம் கழிக்கப்படுகிறது. நீண்ட காலக் கடன் பெற்றவர் இடையில் காரை விற்க நேர்ந்தால், கிடைக்கும் விலையில் பெரும்பகுதி கடனுக்கே போய்விடும்.

நிதி ஆலோசகர்கள் பரவலாகக் கூறும் ஒரு வரையறை உண்டு. விலையில் 20 சதவீதமாவது முன்பணம், நான்கு ஆண்டுகளுக்குள் கடன், மாத வருமானத்தில் 10 சதவீதத்துக்குள் கார்ச் செலவு என்பதே அது. மேற்கண்ட காருக்குத் தவணை, மாதம் 500 கிலோமீட்டருக்கான பெட்ரோல், பராமரிப்பு, காப்பீடு ஆகியவற்றைச் சேர்த்தால் மாதச் செலவு 21,000 ரூபாயை நெருங்கும். இவ்வரம்பை 15 சதவீதமாகத் தளர்த்தினாலும், மாத வருமானம் 1.4 லட்சம் ரூபாயாக இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்த வருமானத்தில் இதே காரை வாங்கினால், பிள்ளைகளின் கல்விக் கட்டணமோ அவசரகாலச் சேமிப்போ பாதிக்கப்படும். அத்தகைய நிலையில் ஒரு படி கீழே உள்ள மாடலைத் தேர்ந்தெடுப்பதோ, முன்பணம் சேரும்வரை ஓராண்டு பொறுப்பதோ நல்லது.

எரிபொருளைத் தீர்மானிக்கும் ஓட்டம்

பெங்களூருவில் வீட்டிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அலுவலகத்துக்கு மாதம் 25 நாள்கள் சென்று திரும்புபவர் ஓட்டும் தூரம் 500 கிலோமீட்டர். ஃபரீதாபாத்திலிருந்து மத்திய தில்லிக்கு நாள்தோறும் 60 கிலோமீட்டர் சென்று திரும்புபவருக்கு அது 1,500 கிலோமீட்டர். இவ்விருவருக்கும் ஒரே கார் பொருந்தாது.

ஒப்பீட்டுக்காக, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15 கிலோமீட்டர் என்று கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 6.67 ரூபாய் செலவாகும். சிஎன்ஜி கிலோ 85 ரூபாய், மைலேஜ் 22 கிலோமீட்டர் என்றால் 3.86 ரூபாய். டீசல் லிட்டர் 92 ரூபாய், மைலேஜ் 18 கிலோமீட்டர் என்றால் 5.11 ரூபாய். மின்சாரக் காரை யூனிட் 8 ரூபாய் கட்டணத்தில் வீட்டிலேயே சார்ஜ் செய்து, யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடினால் 1.14 ரூபாய்.

இனி, பெட்ரோல் மாடலைவிட சிஎன்ஜி மாடல் 90,000 ரூபாயும், டீசல் மாடல் 1.2 லட்சம் ரூபாயும், மின்சாரக் கார் 3 லட்சம் ரூபாயும் கூடுதல் விலை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதல் விலை எரிபொருள் சேமிப்பாகத் திரும்பி வர ஆகும் காலம் பின்வருமாறு அமையும்.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு: சிஎன்ஜி 21 மாதங்கள்; மின்சாரக் கார் 3 ஆண்டுகள்; டீசல் 4 ஆண்டுகளுக்குச் சற்று மேல்.

மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு: சிஎன்ஜி 5 ஆண்டுகளுக்கு மேல், மின்சாரக் கார் 9 ஆண்டுகள், டீசல் ஏறத்தாழ 13 ஆண்டுகள்.

குறைவாக ஓட்டுபவருக்குப் பெட்ரோல் கார் போதுமானது என்பதும், அதிகம் ஓட்டுபவர் சிஎன்ஜியையும் மின்சாரத்தையும் பரிசீலிக்க வேண்டும் என்பதும் இக்கணக்கிலிருந்து தெரிய வருகிறது. எரிபொருள் விலை ஊருக்கு ஊர் மாறுபடுவதால், வாங்குவோர் தங்கள் ஊரின் விலையையும் தாங்கள் தேர்ந்தெடுத்த மாடல்களின் விலை வித்தியாசத்தையும் இட்டு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நிறுவனங்கள் அறிவிக்கும் மைலேஜ், ஆய்வகச் சோதனையில் பெறப்படுவது. நெரிசல் மிகுந்த நகரச் சாலையில் அது குறையும் என்பதால், அந்த எண்ணை அப்படியே கணக்கில் கொள்ளக் கூடாது.

கணக்கில் வராத நடைமுறைச் சிக்கல்கள்

மின்சாரக் காரின் லாபம் பெரும்பாலும் வீட்டில் சார்ஜ் செய்யும் வசதியைச் சார்ந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்போர், தங்கள் வாகன நிறுத்துமிடத்தில் மின் இணைப்பு பெற முடியுமா என்பதைக் குடியிருப்போர் சங்கத்திடம் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். பொது நிலையங்களில் யூனிட்டுக்கு 20 ரூபாய் செலுத்த நேர்ந்தால், கிலோமீட்டருக்கான செலவு 2.86 ரூபாயாகி விடும். பேட்டரிக்கு எத்தனை ஆண்டுகள், எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம் என்பதையும் எழுத்துபூர்வமாகப் பெறுவது அவசியம்.

சிஎன்ஜி காரில் சிலிண்டர் பின்புறப் பெட்டி வைக்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கடியில் பொருத்திய மாடல்களில் இக்குறை ஓரளவு நீங்கியுள்ளது. சிலிண்டரை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். நிரப்பும் நிலையம் அருகில் இல்லாத ஊர்களில், சேமிக்கும் பணத்தைவிட வரிசையில் காத்திருக்கும் நேரம் பெரிதாகத் தோன்றும்.

தற்போதைய டீசல் கார்களில் புகைத் துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. எஞ்சின் நன்கு சூடேறி நீண்ட தூரம் ஓடினால்தான் அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். தினமும் குறுகிய தூரம் மட்டும் ஓட்டுவோருக்கு அது அடைபட்டு, பழுதுச் செலவு ஏற்படலாம். மேலும், தில்லி தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் கார்களுக்கும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் கார்களுக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2018 இல் உறுதி செய்தது. 2025 இல் சில தளர்வுகள் அளிக்கப்பட்டபோதிலும், அப்பகுதியில் டீசல் கார் வாங்குவோர் மறுவிற்பனை மதிப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கியரும் அளவும்

நெரிசலில் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் உடற்சோர்வைக் குறைக்கும். அவற்றுள் விலை குறைந்தது ஏஎம்டி. ஆனால் கியர் மாறும்போது லேசான குலுக்கல் இருக்கும். சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் வகைகள் சீராக ஓடினாலும் விலை கூடுதல். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓட்டுவோருக்கு மேனுவல் கியரே போதுமானது.

ஆண்டுக்கு இரு முறை குடும்பத்தினர் ஏழு பேரும் சொந்த ஊர் செல்வதற்காக, ஆண்டு முழுவதும் ஏழு இருக்கைக் காரை இழுத்துச் செல்வது வீண் செலவு. அந்தச் சில நாள்களுக்கு வாடகைக் கார் மலிவாக முடியும். வீட்டு வாசலின் அகலம், நிறுத்துமிடத்தின் நீளம், ஏறி இறங்கும் முதியோரின் வசதி ஆகியவற்றை அளந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தரவுகளின்படி, 2022 ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இந்நிலையில், 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்னும் மோதல் சோதனைத் திட்டம் நடைமுறையில் உள்ளது. பெரியவர்களின் பாதுகாப்புக்கு 32, குழந்தைகளின் பாதுகாப்புக்கு 49 என அதிகபட்ச மதிப்பெண்கள் நிர்ணயிக்கப்பட்டு, கார்களுக்கு ஐந்து நட்சத்திரங்கள் வரை வழங்கப்படுகின்றன. இச்சோதனை கட்டாயமில்லை என்பதால், வாங்க விரும்பும் மாடல் சோதிக்கப்பட்டதா என்பதைக் கேட்டறிவது அவசியம்.

செலவைக் குறைக்க வேண்டிய நிலை வந்தால், சன்ரூஃப், பெரிய தொடுதிரை, அலாய் சக்கரம் ஆகியவற்றை விட்டுவிடலாம். ஆறு ஏர்பேக்குகள், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி, குழந்தை இருக்கை பொருத்தும் ஐசோஃபிக்ஸ் ஆகியவற்றைக் கைவிடக் கூடாது.

இடமாற்றப் பணியில் இருப்போருக்கு பிஎச் பதிவு

மத்திய, மாநில அரசு ஊழியர்கள், பாதுகாப்புப் படையினர், பொதுத்துறை ஊழியர்கள் ஆகியோரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் கொண்ட தனியார் நிறுவன ஊழியர்களும் 2021 இல் அறிமுகமான பிஎச் வரிசைப் பதிவைப் பெறலாம். மாநிலம் மாறும்போது மறுபதிவு தேவைப்படாது. வரியையும் வாழ்நாள் முழுமைக்கும் ஒரே தவணையாகச் செலுத்தாமல், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை செலுத்தலாம்.

பணம் செலுத்தும் முன் கவனிக்க வேண்டியவை

புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் விற்பனையகம் காட்டும் நிறுவனத்திடமே அதை வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வெளியில் விலை கேட்டு ஒப்பிட்டாலே சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம். கையாளும் கட்டணம், துணைக்கருவித் தொகுப்பு என்ற பெயரில் சேர்க்கப்படும் தொகைக்கு எழுத்துபூர்வ விளக்கம் கேட்கலாம்.

காரை எடுக்கும் முன், சேஸிஸ் எண், தயாரிப்பு மாதம், ஓடோமீட்டர் அளவு ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் சரிபார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். ஆண்டிறுதித் தள்ளுபடியில் கிடைப்பது முந்தைய ஆண்டுத் தயாரிப்பு என்றால், மறுவிற்பனையில் அந்த ஓராண்டு கழிக்கப்படும் என்பதைக் கருத்தில் கொண்டு பேரம் பேசலாம்.

ஷோரூமுக்குச் செல்வதற்கு முன்பே, செலுத்தக்கூடிய மாதத் தொகையையும் மாதாந்திர ஓட்டத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. சோதனை ஓட்டத்தின் உற்சாகத்தில் அடுத்த விலை மாடலுக்குத் தாவாமல் இருக்க அந்தத் தாள் உதவும்.