எர்மொலாயின் மூன்று மனைவியர்

சென்ற வாரம் ஹங்கேரியின் எலிசபெத் பாத்தரியைப் பார்த்தோம். 1614இல் இறந்த அவள் இளம்பெண்களின் இரத்தத்தில் குளித்தாள் என்ற கதை, நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து 1729இல்தான் அச்சேறியது. ஆனாலும் நாவல்களும் திரைப்படங்களும் அந்தக் குளியலை விட்டபாடில்லை.

இந்த வாரம் ருஷ்யா. இங்கே புனைவு எழுதுபவர்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. தாரியா சால்திகோவா மீதான விசாரணை ஆறு ஆண்டுகள் நடந்தது. வாக்குமூலங்கள் இருக்கின்றன, தீர்ப்பு இருக்கிறது, அரசியே கைப்பட எழுதித் திருத்திய வாசகங்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் அவளைப் பற்றிய கதைகள் அவளுடைய காதலுக்குள்ளும் மனக்கோளாறுக்குள்ளுமே சுற்றி வருகின்றன. 2018இல் ருஷ்யத் தொலைக்காட்சியில் 'இரத்தச் சீமாட்டி' என்று ஒரு நெடுந்தொடர் வந்தது. யூலியா ஸ்னிகிர் சால்திகோவாவாக நடித்தார். உடைகளிலும் மாளிகைகளிலும் குறையில்லை. ஆனால் இந்தக் கதையை நான் எழுதுவதாக இருந்தால், முதல் வரியில் சால்திகோவா வரமாட்டாள். எர்மொலாய் இல்யின் வருவான்.

எர்மொலாய் அவளுடைய குதிரைலாயத்தில் வேலை பார்த்த பண்ணையடிமை. முதல் மனைவி கத்தெரீனா. அடுத்து மணந்தவள் ஃபெதோஸ்யா. மூன்றாமவள் அக்சீன்யா. மூவரும் அந்த வீட்டு வேலைக்காரிகள். மூவரையும் ஒருவர்பின் ஒருவராகச் சால்திகோவா கொன்றாள். தரையைச் சரியாகக் கழுவவில்லை, துணியைச் சரியாகத் துவைக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு பெண் சாவதற்கு இந்தக் குற்றமே போதுமானதாக இருந்தது. சீமாட்டி விறகுக்கட்டையால் அடிக்கத் தொடங்குவாள். அவள் கை ஓய்ந்ததும் லாயக்காரர்கள் சவுக்கால் தொடர வேண்டும். கொதிநீரை ஊற்றியதும், உறைபனியில் வெளியே நிறுத்தியதும் வாக்குமூலங்களில் உண்டு. எர்மொலாயும் அந்த லாயத்து ஆள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். எந்த நாவலாசிரியரும் தயங்கி நிற்க வேண்டிய இடம் இது.

சால்திகோவா 1730இல் பிறந்தவள். குதிரைப்படை அதிகாரியான கணவன் இறந்தபோது அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. இரண்டு ஆண் குழந்தைகள், மாஸ்கோவில் ஒரு வீடு, நகருக்கு வெளியே த்ரோயித்ஸ்கொயே பண்ணை, பல மாகாணங்களில் பரவிக் கிடந்த நிலம், ஏறத்தாழ 600 பண்ணையடிமைகள். கொலைகள் தொடங்கியது இதற்குப் பிறகு. நில அளவையாளர் நிக்கொலாய் த்யூச்செவுடன் அவளுக்கிருந்த உறவைத்தான் கதாசிரியர்கள் விரும்பி எழுதுகிறார்கள். அவன் வேறொரு பெண்ணை மணக்கப் போகிறான் என்றதும் வெடிமருந்து வாங்கி அவர்கள் வீட்டைத் தகர்க்க ஆளனுப்பினாள். போன ஆட்கள் செய்ய மறுத்துத் திரும்பி வந்து அடிவாங்கினார்கள். த்யூச்செவ் தப்பினான். பின்னாளில் ருஷ்ய மொழியின் பெருங்கவியான ஃபியோதர் த்யூச்செவ் அவனுடைய பேரன். நாடகத்துக்கு வாகான சம்பவம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உறவு முறிந்தது 1762 வாக்கில். காதல் தோல்விதான் அவளைக் கொலைகாரியாக்கியது என்று எழுதுபவர்கள், அதற்கு முன்பே செத்துப்போன பெண்களை என்ன செய்வார்கள்?

அவர்கள் சும்மா செத்துக்கொண்டிருக்கவில்லை. பண்ணை ஆட்கள் முறையிட்டார்கள், திரும்பத் திரும்ப முறையிட்டார்கள். விசாரணை அதிகாரிகள் பின்னர் தேடியபோது பழைய கோப்புகளில் 21 புகார்கள் கிடைத்தன. புகார் கொடுத்தவர்களைப் பிடித்துச் சீமாட்டியிடமே ஒப்படைத்திருந்தார்கள். மாஸ்கோ வீட்டில் கைப்பற்றிய கணக்கேடுகளில், எந்த அதிகாரிக்கு என்ன கொடுத்தாள் என்று வீட்டுச் செலவோடு செலவாக எழுதி வைத்திருந்தாள். உடல்களை அடக்கம் செய்துகொடுக்க ஊர்ப் பாதிரியார் இருந்தார். ஒரு பைத்தியக்காரியின் கதையாக இதைச் சொல்லும்போது காணாமல் போவது இந்த ஏற்பாடு முழுவதும்தான். அவளுக்குப் பைத்தியமே பிடித்திருந்தாலும், அந்தப் பைத்தியத்துக்குக் கணக்கு எழுதவும் குழி தோண்டவும் கோப்பை மூடவும் புத்தி தெளிந்த ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

1762 கோடையில் இரண்டாம் கேத்தரின் அரியணை ஏறினாள். எர்மொலாயும் சவேலி மர்த்தீனவ் என்ற இன்னொரு பண்ணையடிமையும் தப்பிச் சென்று மனுவைப் புதிய அரசியின் கைக்கே சேர்த்துவிட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சீமாட்டி கொன்றிருக்கிறாள், எங்களை மீண்டும் அவளிடம் ஒப்படைத்துவிட வேண்டாம் என்பதுதான் மனுவின் சாரம். முந்தைய புகார்களுக்கு நேர்ந்த கதி இருவருக்கும் தெரியும். தெரிந்தும் போனார்கள்.

வழக்கு ஸ்தெபான் வோல்கவ் என்ற அதிகாரியிடம் வந்தது. உயர்குடிச் செல்வாக்கு எதுவும் இல்லாத மனிதர். இளவரசர் த்மீத்ரி த்சித்சியானவ் துணையாக இருந்தார். கணக்கேடுகளைத் தோண்டியதும், ஊர் ஊராகச் சாட்சிகளைத் திரட்டியதும் இவர்கள்தான். சால்திகோவா கடைசிவரை ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளைச் சித்திரவதை செய்யக் கேத்தரின் அனுமதிக்கவில்லை. வேறொரு கைதியை அவள் கண்ணெதிரே வதைத்துக் காட்டினார்கள். அதற்கும் அவள் அசையவில்லை. முடிவில் 38 கொலைகள் நிரூபணமாயின.

1768 நவம்பர் 17. மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் மேடை போட்டு, அவளைக் கம்பத்தில் சங்கிலியால் கட்டி, வதைத்தவள், உயிரைக் குடித்தவள் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். பிரபுப் பட்டம் பறிக்கப்பட்டது. தந்தையின் குலப்பெயரோ கணவனின் குலப்பெயரோ இனி அவளுக்குக் கிடையாது என்று ஆணை. பிறகு இவானவ்ஸ்கி கன்னிமடத்து நிலவறை. சாப்பிடும் நேரத்தில் மட்டும் மெழுகுவத்தி. பதினொரு ஆண்டுகள் அப்படிக் கழிந்தபின் ஜன்னல் வைத்த அறைக்கு மாற்றினார்கள். 1801இல் இறந்தாள். அவள் ஏவியபடி அடித்த ஆட்களுக்கும் பாதிரியாருக்கும் பொது இடத்தில் கசையடி கொடுத்து, சைபீரியாவின் நெர்சின்ஸ்க் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள்.

நீதி கிடைத்த கதையாகவே பெரும்பாலானவர்கள் இதை இங்கே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் கேத்தரின் இரண்டு ஆணைகள் பிறப்பித்தாள். 1765இல் வந்தது, பண்ணையடிமைகளைத் தங்கள் விருப்பப்படியே கடுங்காவல் உழைப்புக்கு அனுப்பும் உரிமையை நிலப்பிரபுக்களுக்குக் கொடுத்தது. அடுத்தது 1767 ஆகஸ்ட் 22இல் வந்தது. எஜமானர்மீது அரசரிடம் நேராக மனுக் கொடுக்கும் பண்ணையடிமைக்குக் கசையடி, அதன்பின் நெர்சின்ஸ்கில் ஆயுள் முழுக்கக் கடுங்காவல். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கும் எட்டும்படி தேவாலயங்களில் இதை வாசிக்கச் செய்தார்கள். செஞ்சதுக்கத்து மேடைக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. எர்மொலாயும் சவேலியும் ஐந்து ஆண்டுகள் தாமதித்துக் கிளம்பியிருந்தால், பாதிரியாரும் லாயக்காரர்களும் போன அதே சுரங்கத்துக்கு அவர்களும் போயிருப்பார்கள்.

மனுக் கொடுக்கும் வழி அடைபட்ட ஆறாம் ஆண்டு, யாயிக் ஆற்றங்கரையில் எமெல்யான் புகச்சோவ் என்ற கொசாக், கொல்லப்பட்ட பேரரசர் மூன்றாம் பீட்டர் தானே என்று சொல்லிக்கொண்டு கிளம்பினான். ஆயிரக்கணக்கான பண்ணையடிமைகள் அவன் பின்னால் திரண்டார்கள். அந்தக் கிளர்ச்சியை முதலில் வரலாறாகவும் பிறகு 'கேப்டன் மகள்' நாவலாகவும் இரண்டு முறை எழுதிய புஷ்கினை அடுத்த வாரம் பார்ப்போம்.