பி.பி. பார்க்க வருகிற அக்காவுக்குப் பயிற்சி யார் காசில்?

சென்னை விம்கோ நகரில் பையை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக வந்து, வீட்டு வாசலிலேயே உட்கார வைத்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற பெண்களைக் கவனித்திருப்பீர்கள். நர்ஸ் என்று நினைத்து, "சிஸ்டர், இந்த மாத்திரையை நிறுத்திடலாமா?" என்றுகூடக் கேட்டிருப்பீர்கள். அவர் நர்ஸ் இல்லை. பெண் சுகாதாரத் தன்னார்வலர். உங்கள் பகுதி மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து எடுக்கப்பட்டு, அரசுச் செலவில் பயிற்சி பெற்றவர்.

இது எந்தத் திட்டம்?

'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மாநிலம் முழுக்கப் பத்தாயிரம் பெண்களுக்கு மேல் இதில் வேலை செய்கிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

சரி, பயிற்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

களத்தில் வேலை செய்கிற சுகாதாரப் பணியாளர்களின் பயிற்சிச் செலவு பெரும்பாலும் தேசிய நலவாழ்வுக் குழுமம் (மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் அமைப்பு) வழியாக வருகிறது. தமிழ்நாட்டில் 100 ரூபாய் செலவென்றால் 60 டெல்லியின் பங்கு, 40 மாநிலத்தின் பங்கு.

அந்தப் பணம் தானாக வந்துவிடாது. மாநில அரசு ஒரு செயல்திட்ட அறிக்கை (எந்த வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல்) எழுதி அனுப்ப வேண்டும். 2022 முதல் இதை இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து எழுதுகிறார்கள். பயிற்றுநர் சம்பளம், வருகிறவர்களின் பஸ் காசு, டீ, மதியச் சாப்பாடு, கையேடு அச்சிடும் செலவு எல்லாம் அதில் வரும். டெல்லி ஒப்புதல் கொடுத்த பிறகு பணம் மாநில நலவாழ்வுச் சங்கத்துக்கு வந்து, அங்கிருந்து கீழே இறங்கும். கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, ரிப்பன் வெட்டு உண்டு. பயிற்சிக்கு அதெல்லாம் கிடையாது. அதனால்தான் இந்தச் செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று எனக்குத் தோன்றும்.

இதெல்லாம் கிராமத்துக்குத்தானே, சென்னைக்கு எதற்கு?

ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. 2005-ல் மத்திய அரசு தொடங்கியது ஊரக நலவாழ்வு இயக்கம்தான். நகர ஏழைகளுக்கான இயக்கம் வந்தது 2013-ல். எட்டு ஆண்டு இடைவெளி. 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்ற கணக்கே அதற்குப் பிறகு வந்ததுதான். விம்கோ நகர் இருக்கிற திருவொற்றியூர் 2011 வரை தனி நகராட்சி, அதற்குப் பிறகுதான் சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலமாகச் சேர்ந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2023 ஜூன் 6-ம் தேதி மாநிலம் முழுக்க 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. நகரத்தின் சிறு மருத்துவத் தேவைகளை அரசு இப்போதுதான் எண்ணத் தொடங்கியிருக்கிறது.

"ராயபுரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, விம்கோ நகருக்கு 2021 பிப்ரவரியிலேயே மெட்ரோவும் வந்துவிட்டது. அப்புறம் என்ன குறை?" என்று கேட்கலாம். ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். ஆனால் ஓ.பி. சீட்டுக்கு நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு என்றாலும், தினக்கூலியாக லோடு ஏற்றுகிறவரும் மீன் கூடை சுமக்கிறவரும் வீட்டு வேலைக்குப் போகிறவரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ரத்த அழுத்தமோ வலிக்காத நோய். வலிக்காத நோய்க்கு யார் கூலியை விடுவார்? அதனால்தான் பார்க்கிறவர் வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. அவர் அதே தெருக்காரராக இருந்தால், எந்த வீட்டில் யார் எப்போது இருப்பார் என்பதும் தெரிந்திருக்கும்.

அவர் பார்ப்பதை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் சரியாகப் பார்க்கிறாரா என்பதை நீங்களும் கவனியுங்கள். வந்ததும் பட்டையைச் சுற்றினால், "ஐந்து நிமிஷம் உட்கார்ந்துட்டுப் பாருங்கம்மா" என்று சொல்லுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டை சுற்றக் கூடாது. டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பார்க்கும்போது பேசாதீர்கள். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடக் காட்டும். மீட்டரில் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 140-ஐத் தாண்டினாலோ டாக்டரிடம் போகச் சொல்வார். அந்த ஒரு அளவை வைத்து நோய் என்று முடிவு கட்ட மாட்டார். அவர் வேலை சந்தேகத்தைக் கண்டுபிடிப்பது. உறுதி செய்வதும் மருந்து எழுதுவதும் டாக்டர் வேலை.

டாக்டர் எழுதிய மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். அளவைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ அவருக்குப் பயிற்சியும் இல்லை, அனுமதியும் இல்லை. அந்தக் கேள்வியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பயிற்சி கொடுத்தவர் வேலையில் நிலைப்பாரா?

எனக்குக் கவலை இங்கேதான். திட்டம் தொடங்கியபோது தன்னார்வலருக்குக் கொடுத்தது மாதம் 4,500 ரூபாய். அதைச் சம்பளம் என்று சொல்வதில்லை, ஊக்கத்தொகை என்பார்கள். நர்ஸ்களின் கதையும் பெரிதாக வேறில்லை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆயிரக்கணக்கான நர்ஸ்களை ஒப்பந்தத்தில் எடுத்தபோது தொகுப்பூதியம் (படிகள் இல்லாத ஒரே தொகை) மாதம் 7,700 ரூபாய். அவர்கள் போராடிப் போராடித்தான் அது 14,000-க்கும் பிறகு 18,000-க்கும் வந்தது.

பயிற்சிக்கு ஒருமுறை பணம் போட்டுவிட்டு, ஆளை நிறுத்தி வைக்கப் பணம் போடாவிட்டால் மறுபடி புது ஆளுக்கு அதே பயிற்சியை முதலிலிருந்து கொடுக்க வேண்டியதுதான். நஷ்டம் கஜானாவுக்கு மட்டும் இல்லை. உங்கள் மாமியாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து வைத்திருந்தவர் போய்விடுகிறார்.

நானோ என் பெண்ணோ இந்த வேலைக்குப் போக முடியுமா?

தன்னார்வலர் வேலைக்கு முதலில் சுயஉதவிக் குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும். காலியிடம் பற்றிக் குழுவின் சமுதாய அமைப்பாளரிடம் கேளுங்கள்.

பெண்ணை நர்ஸாக்க வேண்டுமென்றால் வழி வேறு. பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் எடுத்தவர்கள் மூன்று ஆண்டு டிப்ளமோ நர்சிங் அல்லது நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்கலாம். அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு (கீழ்ப்பாக்கத்தில் அலுவலகம்) மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறது. நர்ஸ் படிப்புக்கும் நீட் வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால், விளக்கக் குறிப்பேட்டை வாங்கிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான். பிளஸ் டூ முடிவு வந்ததும் கண் வைத்திருங்கள், தேதி போனால் ஒரு வருஷம் போச்சு.

அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. அதற்கு மேல், ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். டிப்ளமோவுக்கும் உண்டு. ஆதி திராவிடர், பழங்குடியினர் குடும்பமாக இருந்து ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் கேட்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில் அலைந்தால் கிடைக்காது.

போஸ்டரில் "ஆறு மாத நர்சிங், உடனே வேலை" என்கிறார்களே?

அந்தப் போஸ்டரைப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முடித்ததும் தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?" 1926-ம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிற அமைப்பு அது. அங்கே பதிவு இல்லாதவர் நர்ஸ் இல்லை. அரசு வேலைக்கு மனுப் போட முடியாது, வெளிநாடும் போக முடியாது. ஆறு மாதத்தில் யாரும் நர்ஸாக முடியாது. பதில் இழுத்தடித்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் கட்டாதீர்கள், அசல் சான்றிதழைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

குறுகிய பயிற்சி எல்லாமே ஏமாற்று என்றும் இல்லை. அரசுத் திறன் பயிற்சித் திட்டங்களில் 'ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட்' (நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, தள்ளுவண்டியில் கூட்டிப்போவது போன்ற உதவியாளர் வேலை) இலவசமாகவே கற்றுத் தருகிறார்கள். வார்டில் வேலை கிடைக்கும். அது நர்ஸ் வேலை இல்லை என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. அரசு இலவசமாகத் தருவதற்கு ஒரு தனியார் நிலையம் நாற்பதாயிரம் கேட்டால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் தெருவுக்கு யாருமே வருவதில்லையே?

பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், உங்கள் தெரு எந்தத் தன்னார்வலரின் பட்டியலில் இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு தெரு முனை இரண்டு பேர் பட்டியலுக்கும் நடுவில் விட்டுப்போவதற்கு வாய்ப்புண்டு. வீட்டில் இருக்கிறவர்கள் பெயர், வயது, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையின் அட்டை ஆகியவற்றைக் கொண்டு போனால் அங்கேயே பதிந்துகொள்ளச் சொல்லலாம். பதில் வராவிட்டால் மாநகராட்சி எண் 1913. மருத்துவச் சந்தேகம் மட்டும் என்றால் 104.