கடை வண்டியைக் கழுவும் முறை: வேலையும் சீக்கிரம் முடியும், பெயிண்டும் கெடாது

காலையில் கடை திறக்கும் நேரத்தில் எந்த பஜாருக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சியைக் காணலாம். ஷட்டரைத் தூக்கியதும் கடைப் பையன் வாசல் தெளிப்பான். தராசைத் துடைப்பான். பிறகு அதே துணியோடு வெளியே வந்து முதலாளியின் காரையோ, சரக்கு வண்டியையோ நாலு தட்டுத் தட்டி ஒரு தேய்ப்புத் தேய்ப்பான். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். முதலாளியும் திருப்தியாகக் கல்லாவில் உட்கார்ந்துவிடுவார். வண்டியின் பெயிண்டுக்கு ஆகிற சேதத்தில் பெரும்பங்கு இந்த இரண்டு நிமிடத்தில்தான் ஆகிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

வண்டி பளபளப்பாக இருந்தால் என்ன, மங்கினால் என்ன, லோடு ஏற்றினால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதே என் கருத்து. சரக்கு வண்டிகளுக்கு முதல் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. காட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் சமயத்தில் துரு பிடித்த தகரத்தை வெட்டி, பற்றவைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்கும் செலவு எவ்வளவு என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். விற்கும்போதும் அப்படித்தான். பழைய வண்டி வாங்க வருகிற புரோக்கர் என்ஜினைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே, வெயில் படும் பக்கமாகப் போய் நின்று, தலையைச் சாய்த்துக் கதவின் பக்கவாட்டைப் பார்ப்பார். சிலந்தி வலை போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லும் விலையில் மட்டும் அது தெரியும்.

மைக்ரான் என்ற சொல் நம் ஆட்களுக்குப் புதிதல்ல. பிளாஸ்டிக் பை விவகாரத்தில் அபராதம் கட்டியே அதைக் கற்றுக்கொண்டோம். கைப்பைக்கு 75 மைக்ரான் கனம் வேண்டும் என்று மத்திய அரசு 2021இல் சொன்னது. 2022 முடிவில் அதையே 120 ஆக உயர்த்தியது. தமிழ்நாட்டிலோ 2019 சனவரி முதல் தேதியிலிருந்தே கனம் எதுவானாலும் தடை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு புதுக் காரின் மேல் கம்பெனியில் அடிக்கும் மொத்தப் பெயிண்டும், அதாவது அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதன்மேல் கண்ணாடி போன்ற நிறமில்லாப் பூச்சு எல்லாம் சேர்ந்து, பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள்தான். பளபளப்பைத் தருகிற அந்த மேல் பூச்சு மட்டும் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். அந்த 120 மைக்ரான் பையின் கனத்தில் பாதி கூட இல்லை. நாம் துணியை வைத்துத் தேய்ப்பது அதன் மேல்தான்.

அம்பாசிடர், பியட் காலத்தில் இந்த மேல் பூச்சு கிடையாது. பாலிஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறமே ஏறும். மங்கினால் மறுபடி பாலிஷ் போட்டுக்கொள்ளலாம், பெயிண்டும் கனமாக இருந்தது. அந்தக் காலத்து டிரைவர்கள் சொல்லிக்கொடுத்த பழக்கங்களைத்தான் இன்றைக்கும் பையன்கள் பின்பற்றுகிறார்கள். வண்டி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

தூசி என்று நாம் சொல்வதில் பாதி மண்ணும் மணலும். மணல் துகள், வீட்டுக் கத்தியின் இரும்பைக்கூடக் கீறக்கூடிய கடினம் உடையது. காய்ந்த துணியால் தேய்க்கும்போது அந்தத் துகள்களை வண்டி முழுக்க இழுத்துக்கொண்டு போகிறோம். எனவே எந்தக் காரணத்துக்காகவும் காய்ந்த வண்டியைக் காய்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. முகம் பார்க்கும் கண்ணாடியையும் முன் கண்ணாடியையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு புறப்படலாம். மற்ற இடத்தில் தூசி இருந்தால் இருக்கட்டும். தூசி படிந்த வண்டி கெடுவதில்லை.

கழுவும் முறையை நம் தொழில் பாஷையிலேயே சொல்லிவிடலாம். அரிசி களையும்போது கல்லை எப்படி நீக்குகிறோம்? தண்ணீரில் அலசி, கல்லை அடியில் தங்கவிட்டு, மேலாக அரிசியை அரித்து எடுக்கிறோம். அதே வேலைதான். இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் குழாய் வைத்தோ, குவளையால் மொண்டு ஊற்றியோ, மேற்கூரையிலிருந்து கீழ் வரை தண்ணீர் விட வேண்டும். சேறு ஊற இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். துணி படுவதற்கு முன்பே பாதி மண் தானாக இறங்கிவிடும். பிறகு ஷாம்புத் தண்ணீரில் துணியை நனைத்து, கூரை, முன் போனட், கதவுகளின் மேல்பாதி, கீழ்ப்பாதி என்ற வரிசையில், வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோடாக, அழுத்தாமல் இழுக்க வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசிப் பிழிந்த பிறகுதான் ஷாம்பு வாளிக்குக் கொண்டுவர வேண்டும். பத்து நிமிடம் கழித்து அந்த அலசும் வாளியின் அடியைத் தடவிப் பாருங்கள், நறநறவென்று மணல் கையில் படும். ஒரே வாளியாக இருந்திருந்தால் அத்தனையும் வண்டி மேல்தான் மறுபடி ஏறியிருக்கும்.

சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் தனித் துணி. கீழே விழுந்த துணியை எடுத்து உதறிவிட்டுத் திரும்பத் தேய்க்கக் கூடாது. இதைப் பையனிடம் ஒரு முறை சொன்னால் போதாது, பத்து முறை சொல்ல வேண்டும். கோணிச் சாக்கு, தேங்காய் நார், பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பட்டை இவை வண்டிக்குப் பக்கத்தில்கூட வரக் கூடாது. பழைய பருத்தி பனியன் நல்லதுதான், தையலையும் பட்டனையும் வெட்டிவிட்டால். மைக்ரோஃபைபர் துணி அதைவிட மேல். இழைகளுக்குள் மண்ணை வாங்கிக்கொள்ளும்.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கழுவக் கழுவ மற்றவர் நல்ல தண்ணீர் விட்டு ஒற்றித் துடைத்துக்கொண்டே வரலாம். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. வண்டி பெரிதாக இருந்தாலும் மூன்று நான்கு வாளித் தண்ணீர் போதும். குழாயைத் திறந்துவிட்டு நின்றால் அதைப் போலப் பல மடங்கு போகும். 2019 கோடையில் சென்னை வணிகர்கள் லாரித் தண்ணீருக்குப் பட்ட பாட்டை நினைத்தால், குழாயைத் திறந்துவிட்டு வண்டி கழுவ மனம் வராது.

சோப்புத்தூள் விஷயத்தில் நம் கடைக்காரர்களிடம் ஒரு பலவீனம் உண்டு. கடையிலேயே மூட்டையாக இருக்கிறது, ஒரு கை அள்ளிப் போட்டால் ஆயிற்று என்பார்கள். துணி வெளுக்கும் தூள் காரத்தன்மை உடையது. எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதுபோலவே பெயிண்டின் மேல் உள்ள மெழுகையும் எடுத்துவிடும். சரியாகக் கரையாத குருணை தேய்க்கும்போது கீறும். கார் ஷாம்பு ஒரு வாளிக்கு ஒரு மூடி அளவு போதும், ஒரு பாட்டில் பல மாதம் வரும். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைத்து மினுக்குகிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அந்த மினுமினுப்பு ஒரு நாள்தான். மறுநாள் தெருப் புழுதி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும், கதவு ரப்பரும் ஊதிக் கெடும்.

போர் தண்ணீர் உள்ள ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் வண்டி மேல் தானாகக் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். கெட்டில் அடியில் படிகிற சுண்ணாம்புதான் அது. நாள்பட்டால் பெயிண்டைத் தின்று பள்ளம் விழும். ஆகவே உச்சி வெயிலிலும், ஓடி வந்து நின்ற சூட்டோடும் கழுவக் கூடாது. போனட்டைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும். விடியற்காலையோ, கடை சாத்தும் நேரமோதான் சரி. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டாலும் நல்லது.

இதுவரை சொன்னது எல்லா வண்டிக்கும் பொருந்தும். மளிகை வண்டிக்கு மட்டுமே உள்ள எதிரிகள் சில உண்டு. முதல் எதிரி உப்பு. தூத்துக்குடி உப்பு மூட்டை ஏற்றி இறக்கிய வண்டியை அன்றைக்கே வெறும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நாளை பார்க்கலாம் என்று விட்டால், சிந்திய உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து நீராகக் கசிந்து, தகரம் தகரத்தோடு சேரும் மடிப்புகளுக்குள் இறங்கிவிடும். பிறகு வெளியே தெரியாமலே அரிக்கும். பின் தொட்டியை மட்டும் கழுவினால் போதாது, அடிப்பக்கமும் தண்ணீர் அடிக்க வேண்டும்.

அடுத்தது தவிடும் பருப்புத் தூசியும். தொட்டியின் மூலைகளிலும் கதவுகளின் அடிவிளிம்பிலும் தண்ணீர் வடிவதற்காகச் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். பலருக்கு அவை இருப்பதே தெரியாது. தவிடு போய் அடைத்துக்கொண்டால் நாம் கழுவுகிற தண்ணீரே உள்ளே தங்கித் துருவை வளர்க்கும். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி மாதம் ஒரு முறை குத்திவிட்டால் தீர்ந்தது. இந்த ஒரு வேலைக்கு ஐந்து நிமிடம். இதைச் செய்யாததால் கதவின் அடி இற்றுப்போன வண்டிகளை எங்கள் மார்க்கெட்டிலேயே எத்தனையோ காட்டலாம்.

வெல்லப்பாகு சிந்தினால் சுரண்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் போட்டு வைத்தால் தானாக விடும். எறும்பும், அதன் பின்னால் எலியும் வருவதற்கு முன் செய்ய வேண்டும். எலி வந்தால் ஒயரைத்தான் கடிக்கும். புளிக்கு வெறும் தண்ணீர் போதும், ஆனால் உடனே. எண்ணெய் டின் கசிந்த இடத்துக்குக் கொஞ்சம் ஷாம்பு கூடுதலாக வைத்துக் கழுவலாம். காக்கை எச்சத்தையும் ஈரத்துணி போட்டு ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். அதில் உள்ள அமிலம் கோடை வெயிலில் ஒரே நாளில் தடம் பதித்துவிடும்.

ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனம், குங்குமத்தை மறுநாளே துடைத்துவிடுவது நல்லது. வெள்ளை வண்டியில் குங்குமக்கறை நாள்பட்டால் போகாது. முன்னால் கட்டுகிற வாழைக்கன்று வண்டி ஓட ஓட பம்பரில் உரசும், கறையும் ஒழுகும். பூஜை முடிந்ததும் அவிழ்த்துவிட்டு ஓட்டினால் சாமி கோபித்துக்கொள்ளாது.

வாட்டர் சர்வீஸில் விடுபவர்கள் பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத் தண்ணீர்க் குழாயை ஒரு முழத்துக்குக் கிட்டே கொண்டுவரக் கூடாது, ஏற்கனவே பெயிண்ட் பெயர்ந்த ஓரம் இருந்தால் பட்டை பட்டையாக உரித்துவிடும். கதவில் ஒட்டிய கடைப் பெயர் ஸ்டிக்கரும் போய்விடும். இரண்டாவது, முந்தைய வண்டிக்குத் தேய்த்த பஞ்சையே உங்கள் வண்டிக்கும் எடுக்கிறார்களா என்று பாருங்கள். மண் லாரி கழுவிய பஞ்சாக இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் துணியையே கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

மழைக்காலத்தில் மழையே கழுவிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். முன் வண்டி தெறிக்கிற சேற்றுத் தண்ணீர் அப்படியே காய்ந்துவிடுகிறது. மழை விட்டதும் மேலே இரண்டு வாளி நல்ல தண்ணீர், அடியில் ஒரு வாளி ஊற்றி விட்டால் போதும். அன்றைக்குத் துணியே தொட வேண்டாம்.