நான்காம் தலைமுறைத் தாயாதிகள்

அமெரிக்கக் கைபேசி நிறுவனங்களில் மூன்றாம் ஸ்தானத்திலிருந்த ஸ்பிரின்ட் நெக்ஸ்டெல், தன் அடுத்த தலைமுறை வலையமைப்பை வைமாக்ஸ் என்னும் முறையிலேயே நிறுவப்போவதாக 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அறிவித்தபோது, அதற்குப் போட்டியாக எழவேண்டிய எல்.டி.இ. முறைக்கு விதிநூலே எழுதி முடிந்திருக்கவில்லை. நடமாடும் சாதனங்களுக்கான வைமாக்ஸ் விதிகளுக்கு 2005 டிசம்பரிலேயே அங்கீகாரம் கிடைத்துவிட்டது, எல்.டி.இ.யின் முதல் விதித் தொகுப்போ 2008 டிசம்பரில்தான் நிறைவு பெற்றது. இவ்வாறு மூன்று வருஷம் முந்திக்கொண்ட ஒரு முறை, 2016 மார்ச் 31ஆம் தேதி ஸ்பிரின்டின் கோபுரங்களில் அடியோடு நிறுத்தப்பட்டது. அதன் விஞ்ஞானம் தாழ்ந்தது என்பதே இதற்குக் காரணம் என்று எண்ணுவோர் உண்டு. அந்த அபிப்பிராயம் சரியன்று.

இரண்டுக்கும் அடிப்படையான தத்துவம் ஒன்றே. கோபுரத்திலிருந்து புறப்படும் அலை நேர்வழியில் மட்டும் கைபேசியை வந்தடைவதில்லை. கட்டடங்களின்மேல் மோதித் திரும்பி, மைக்ரோ செகண்டுக் கணக்கில் பிந்திப் பிந்திப் பல பிரதிகளாகவும் வந்து சேர்கிறது. செய்தியை எவ்வளவுக்கெவ்வளவு விரைவாக அனுப்புகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு, முந்தைய துடிப்பின் எதிரொலி அடுத்த துடிப்பின்மேல் விழுந்து அதைக் கெடுத்துவிடுகிறது. கல் மண்டபத்தில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசினால் ஒரு சொல்லும் விளங்குவதில்லை. அதே பேச்சைப் பலர் பங்கிட்டுக்கொண்டு, ஒவ்வொருவரும் தத்தமக்கென்று வேறு வேறு சுருதியில் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்களாயின், எதிரொலி அடங்கிய பின்னரே அடுத்த சொல் பிறப்பதால், சுருதிகளைப் பிரித்தறியும் செவி படைத்தவருக்கு எல்லாமே தெளிவாகக் கேட்கும். அகன்ற அலைக்கற்றையை நூற்றுக்கணக்கான குறுகிய துணை அலைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் மெதுவாகச் செய்தி அனுப்பும் இந்த உபாயத்துக்குப் பொறியாளர்கள் ஓ.எஃப்.டி.எம். என்று பெயரிட்டார்கள். எல்.டி.இ.யில் ஒரு துணை அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 15 கிலோஹெர்ட்ஸ். வைமாக்ஸில் ஏறத்தாழ 11. இந்த உபாயத்தில் வித்தியாசம் இவ்வளவே.

வேறு பேதங்களும் இல்லாமலில்லை. துணை அலைகள் பல ஒரே கணத்தில் உச்சத்தில் கூடும்போது திடீரென்று அதிக மின்திறன் தேவைப்படுவதால், கைபேசி தன் செய்தியைக் கோபுரத்துக்கு அனுப்பும் பாதையில் மட்டும் அவ்வுச்சங்களைத் தணிக்கும் ஒரு மாற்றத்தை எல்.டி.இ.யை வகுத்தவர்கள் செய்து, பாட்டரிக்கு ஓரளவு மிச்சம் பிடித்தார்கள். போகும் செய்திக்கும் வரும் செய்திக்கும் வெவ்வேறு அலைக்கற்றைகளை ஒதுக்குவது எல்.டி.இ.யின் பெருவழக்கு, ஒரே கற்றையில் போவதற்குச் சில கணமும் வருவதற்குச் சில கணமும் என்று காலத்தைப் பங்கிடுவது வைமாக்ஸின் வழக்கு. ஆனால் இவற்றுள் எதுவும் ஒரு பெரிய வியாபார ஸ்தாபனத்தின் தலைவிதியை நிர்ணயிக்கத்தக்கதன்று.

தேர்வை நிர்ணயித்தவை வேறு சங்கதிகள். நெக்ஸ்டெலைத் தன்னுடன் இணைத்துக்கொள்ள 2005இல் அனுமதி பெற்ற ஸ்பிரின்ட், கையிலிருந்த 2.5 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைச் சும்மா வைத்திராமல், நான்கு வருஷத்துக்குள் ஒன்றரைக் கோடிப் பேருக்கு எட்டும்படி அதில் சேவை தரவேண்டும் என்ற, அரசாங்கத்தின் தகவல் தொடர்பு ஆணையத்தின் நிபந்தனைக்கு உட்பட்டிருந்தது. எழுதி முடியாத விதிநூலுக்காகக் காத்திருக்க அதற்கு அவகாசம் ஏது? சிப் செய்யும் இன்டெலோ, கைபேசி உலகில் தனக்கில்லாத ஆதிக்கத்தை வைமாக்ஸின் மூலம் சம்பாதித்துக்கொள்ள ஆவலோடு நின்றது. ஸ்பிரின்டின் முடிவை மூடத்தனம் என்று இப்போது சொல்வது எளிது. அன்றைய நிர்ப்பந்தத்தில் அது நியாயமான முடிவே என்பது என் எண்ணம்.

இன்னோர் அமெரிக்கக் கைபேசி நிறுவனமான வெரைசனின் நடத்தையே அதிக விசேஷமானது. ஸ்பிரின்டைப் போலவே சி.டி.எம்.ஏ. என்னும் கைபேசி முறையின் வம்சத்தைச் சேர்ந்த அது, அவ்வம்சத்தின் வாரிசாகச் சிப் நிறுவனமான குவால்காம் வளர்த்துவந்த யு.எம்.பி. முறையைத் தழுவும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பாக இருக்க, 2007 நவம்பரில், உலகெங்கும் பரவிய ஜி.எஸ்.எம். வம்சத்தின் வாரிசாகிய எல்.டி.இ.யைத் தேர்ந்துகொண்டது. வெரைசன் வயர்லெஸில் 45 சதவீதப் பங்கு வைத்திருந்த பிரிட்டனின் வோடஃபோன் அந்த வம்சத்தில் முக்கியஸ்தர் என்பதை மறக்கலாகாது. பல தேசங்களின் நிறுவனங்கள் ஒரே முறையைக் கைக்கொண்டால் கைபேசிகளும் கருவிகளும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகி விலை இறங்கும். சந்தாதாரர் எத்தேசம் சென்றாலும் பேசலாம். முக்கிய வாடிக்கையாளரே கைவிட்டபின், குவால்காம் 2008 நவம்பரில் தன் சொந்தக் குழந்தையான யு.எம்.பி.யைத் துறந்து எல்.டி.இ. பக்கம் சேர்ந்தது.

அலைக்கற்றையின் சுபாவமும் இதில் சேர்ந்துகொண்டது. பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பை அகற்றி விடுவிக்கப்பட்ட 700 மெகாஹெர்ட்ஸ் கற்றையை 2008 மார்ச்சில் முடிந்த ஏலத்தில் வெரைசன் சுமார் 936 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று. அதன் அலைநீளம் 43 சென்டிமீட்டர். ஸ்பிரின்டின் கற்றைக்கோ 12 மட்டுமே. நீண்ட அலை தூரம் செல்வதோடு சுவர்களையும் எளிதில் ஊடுருவும். குறுகிய அலை வீட்டுக்குள் நுழையுமுன் தளர்ந்துவிடுவதால் அதிகக் கோபுரங்கள் வேண்டும், அதிகப் பணமும் வேண்டும். 2008 செப்டம்பரில் பால்டிமோர் நகரத்தில் வைமாக்ஸ் சேவையைத் தொடங்கிய ஸ்பிரின்ட், அவ்வாண்டு இறுதியில் இன்டெல், கூகுள், காம்காஸ்ட் முதலியோர் 320 கோடி டாலர் இட்ட கிளியர்வயர் நிறுவனத்திடம் அந்தப் பாரத்தை ஒப்படைத்தது.

2010 ஜூனில், அமெரிக்காவின் முதல் நான்காம் தலைமுறைக் கைபேசி என்ற விளம்பரத்தோடு எச்.டி.சி. ஈவோ, வைமாக்ஸ் வலையமைப்புக்கென வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வெரைசன் ஒரே நாளில் 38 பெருநகர வட்டாரங்களில் எல்.டி.இ.யைத் திறந்துவைத்தது. வேடிக்கை என்னவென்றால், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நான்காம் தலைமுறைக்கென முதலில் வகுத்திருந்த வேகத்தை இரண்டில் ஒன்றும் எட்டவில்லை. அந்த டிசம்பரில் ஒன்றியமே விட்டுக்கொடுத்து இரண்டையும் அப்பெயரால் அழைக்க இசைந்தது. ஆப்பிளின் ஐஃபோன் ஒருநாளும் வைமாக்ஸை ஏற்கவில்லை. 2012இல் வந்த ஐஃபோன் 5 எல்.டி.இ.யை ஏற்றது. ஸ்பிரின்டே அவ்வாண்டு ஜூலையில் எல்.டி.இ. சேவையைத் தொடங்கிவிட்டது.

இந்தியாவிலும் இதே விவகாரம் சுருக்கமாக நடந்தேறியது. பி.எஸ்.என்.எல். வைமாக்ஸை நிறுவிப் பார்த்தது; ஆனால் 2010 ஏலத்தில் 2.3 ஜிகாஹெர்ட்ஸ் கற்றையைப் பெற்றவர்களுள் ஏர்டெல், 2012 ஏப்ரலில் கல்கத்தாவில் எல்.டி.இ.யையே தொடங்கிற்று. ஆனால் அங்கே ஓடியது இரட்டைக் கற்றை எல்.டி.இ. அன்று, ஒரே கற்றையில் காலத்தைப் பங்கிடும் வகை. வைமாக்ஸ் போயிற்று, அதன் வழக்கம் போகவில்லை. அமெரிக்காவிலும் அப்படியே: 2020 ஏப்ரலில் ஸ்பிரின்ட் டி-மொபைல் என்னும் கைபேசி நிறுவனத்துடன் இணைந்தபோது, கோபுரமும் பணமும் கேட்டு அதை அலைக்கழித்த அந்த 2.5 ஜிகாஹெர்ட்ஸ் கற்றைதான் டி-மொபைலின் ஐந்தாம் தலைமுறைச் சேவைக்கு முதுகெலும்பாயிற்று; அதில் இன்று நடப்பதும் காலப் பங்கீடே.