உங்களுக்குத் தெரியுமா? ராஜக்காவின் தலைக்கு விலை 10,000 ரூபாய்!

1940களில் பத்தாயிரம் ரூபாய் என்பது ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடும் பணம். ஹைதராபாத் நிஜாம் அரசு அவ்வளவு விலை வைத்துத் தேடியது ஓர் இளம்பெண்ணை. பெயர், மல்லு ஸ்வராஜ்யம்.

1931-இல் நல்கொண்டா பகுதியில் பெரிய நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். ‘வெட்டி’ என்ற கூலியில்லா ஊழியத்தை ஒழிக்க ஆந்திர மகாசபை அறைகூவல் விடுத்தபோது, பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமியான அவர், வீட்டு அரிசியை எடுத்து உழைப்பாளிகளுக்கு வழங்கினார். பெரியவர்களுக்குப் பிடித்திருக்குமா என்ன!

நிஜாம் ஆட்சிக்கும் நிலவுடைமைக்கும் எதிராக உழவர்கள் நடத்திய தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் (1946–51) தலைமறைவாகி ‘ராஜக்கா’ ஆனார். கையில் துப்பாக்கி, வாயில் பாட்டு. பெண்கள் கூடிப் பாடும் ‘உய்யாலோ’ மெட்டுகளிலேயே ஜமீன்தார்களுக்கு எதிரான பாடல்களைப் பாடி ஊர் ஊராக ஆள் திரட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் துண்டறிக்கை செல்லாது, பாட்டு செல்லும். அண்ணன் பீம்ரெட்டி நரசிம்ம ரெட்டியும் அதே போராட்டத்தின் தளபதிதான்.

பின்னாளில் துங்கதுர்த்தி தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் 1978, 1983 தேர்தல்களில் வென்று சட்டமன்றம் சென்றார். 2022 மார்ச்சில் மறைந்தார்.

அவருடைய தன்வரலாற்றின் தலைப்பு ‘நா மாட்டே துப்பாகி தூட்டா’. அதாவது, என் சொல்லே துப்பாக்கித் தோட்டா.