தள்ளிப்போட்டதால் தப்பித்த கோபுரம்

இத்தாலியின் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம், பக்கத்திலுள்ள பேராலயத்தின் மணிக்கூண்டு. வழிபாட்டு நேரத்தை ஊருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. கூடவே, கடல் வணிகத்தில் கொழித்த பைசாவின் செல்வச் செருக்கும் அந்த வெள்ளைப் பளிங்கில் தெரிகிறது. உச்சியில் ஏழு மணிகள் உள்ளன. ஆனால் அவற்றை இப்போது ஆட்டி ஒலிப்பதில்லை. மின்சாரச் சுத்தியல்கள் தட்டுகின்றன.

1173-ல் வேலை தொடங்கியது. சுமார் 14,500 டன் எடைக்கு அஸ்திவாரத்தின் ஆழம் 3 மீட்டர்தான். அடியில் ஆற்று வண்டலும் இளகிய களிமண்ணும். 1178-ல் நான்காம் தளத்தில் வேலை நின்றது. மறுபடி தொடங்க ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. அந்த இடைவெளியில் பாரத்தின் கீழ் களிமண்ணிலிருந்து நீர் மெல்லக் கசிந்து, மண் இறுகியது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் கோபுரம் அன்றே விழுந்திருக்கும் என்பது பொறியாளர்களின் கணக்கு. சோம்பலுக்கு இப்படியொரு நற்சான்றிதழ் வேறெங்கும் கிடைக்காது!

1272-க்குப் பின் வந்த கொத்தர்கள், சாய்ந்த பக்கத்தில் சுவரைச் சற்று உயர்த்தி நேராக்கப் பார்த்தார்கள். அதனால் கோபுரம் வாழைப்பழம்போல் வளைந்திருக்கிறது. மணி மாடத்துக்கு ஏற வடக்கே நான்கு படிகள், சாய்ந்த தெற்கே ஆறு. 14-ஆம் நூற்றாண்டில்தான் அந்த மாடமே முடிந்தது.

பிற்கால வைத்தியம் நோயைக் கூட்டியது. 1838-ல் மண்ணில் புதைந்த அடிப்பகுதியைக் காட்டச் சுற்றிலும் பள்ளம் தோண்டினார்கள். நீர் பொங்கி வந்து, சாய்வு அதிகரித்தது. 1934-ல் முசோலினி ஆட்சியில் அஸ்திவாரத்தைத் துளைத்துச் சிமெண்டுக் கலவை செலுத்தினார்கள், மேலும் சாய்ந்தது.

1989-ல் பாவியா நகரின் பழைய கோபுரம் இடிந்து நால்வர் இறந்தனர். அடுத்த ஜனவரியில் பைசா கோபுரத்தை மூடிவிட்டார்கள். முதலில் வடபுறம் நூற்றுக்கணக்கான டன் ஈயக் கட்டிகளை அடுக்கி நிறுத்திப் பார்த்தார்கள். நிரந்தரத் தீர்வும் வடக்கிலிருந்தே வந்தது: தாழ்ந்த தெற்குக்கு முட்டுக்கொடுக்காமல், உயர்ந்த வடக்கின் அடியிலிருந்து சாய்வான குழாய்கள் வழியே மண்ணைச் சிறிது சிறிதாக உருவினார்கள். வெற்றிடம் அமுங்க அமுங்கக் கோபுரம் வடக்கே திரும்பியது. சாய்வு சுமார் அரைப் பாகை குறைந்தது. முழுக்க நிமிர்த்தும் எண்ணம் யாருக்கும் இல்லை; நேராக நிற்கும் கோபுரத்தைப் பார்க்க யார் பைசாவுக்கு டிக்கெட் எடுப்பார்கள்? 2001 டிசம்பரில் படிக்கட்டுகள் மறுபடி திறந்தன.