கூரை இறக்கும் அறிவு

உறைவிடத்தில் நாம் சேர்க்கும் பொருள்களுள் சில, சேர்க்கும்போது எளியனவாகவும் நீக்கும்போது கொடியனவாகவும் இருக்கின்றன. சபரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வரிசைக் குடியிருப்புகளான லயங்களை மூடிக் கிடக்கும் கல்நார்த் தகடு அத்தகைய பொருள். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை எனத் தொடங்கித் தெரணியகலை, எட்டியாந்தோட்டை, றுவான்வெல்ல வரை, தேயிலையும் இறப்பரும் தழைத்த மலைச்சரிவுகளில் உழைக்கும் குடும்பங்கள் தகரத்தின் கீழும், ‘சீட்’ என்று தாம் வழங்கும் இத்தகட்டின் கீழும் வாழ்ந்து வருகின்றன. கூரை பழையதாகிறது, விரிசல் விட்டு ஒழுகுகிறது, மாற்றியே ஆகவேண்டிய நாள் வருகிறது. அதனை எவ்வாறு இறக்குவது, யார் இறக்குவது என்னும் இரு வினாக்களுள் முன்னதற்கு அறிவியல் விடை சொல்லும். பின்னதற்கு அறிவியலோடு அறமும் சேர்ந்தே விடை சொல்லவேண்டும்.

கல்லில் பிறந்த நார்

கல்நார் என்பது நிலத்தடியில் இயற்கையாய் விளைந்த ஒரு கனிமம். அதன் வகைகளுள் கூரைத் தகட்டில் பெரிதும் பயன்படுவது வெள்ளைக் கல்நார். மகனீசியமும் சிலிக்காவும் நீரும் கூடி அமைந்த இதன் உள்ளமைப்பு வியப்புக்குரியது. சிலிக்கா அடுக்கு ஒன்றும் மகனீசிய அடுக்கு ஒன்றும் ஒட்டியே வளர்கின்றன. ஆயின் இரண்டின் அளவும் ஒத்துப்போவதில்லை. ஒன்று சற்றே பெரிது, மற்றது சற்றே சிறிது. ஆதலால் இணைந்த படலம் தட்டையாய் நிற்கமாட்டாமல், பாயைச் சுருட்டியதுபோல் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு நுண்குழலாகிறது. அக்குழல் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 25 நானோமீற்றர். ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம்.

இந்நார் எரியாது, மட்காது, இழுத்தால் எளிதில் அறாது. ஒஸ்திரிய நாட்டு லுட்விக் ஹாட்செக் என்பார் இதனைச் சீமெந்துக் கூழோடு கலந்து, தாள் செய்யும் பொறியைப் போன்ற பொறியில் தகடாக்கும் முறைக்கு 1901ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பத்தில் ஒரு பங்களவு நார், எஞ்சியது சீமெந்து என்னும் எளிய கலவை உலகெங்கும் கூரையேறியது. விலை குறைவு, துருவேறாது, மழையடிக்கும்போது தகரம்போல் அதிராது, வெயிலிலும் தகரத்தளவு சுடாது. தோட்டத்து வீடுகளுக்கும் அது வந்து சேர்ந்தது இந்நலன்களாலேயே.

மழை செய்யும் வேலை

உறுதியாய் இருக்கும் தகட்டில் நார் சீமெந்துக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. அந்நிலையில் அதன் கீழ் வாழ்வோர்க்கு நேரும் இடர் மிகச் சிறிது. இதனை முதலில் தெளிவாகச் சொல்லவேண்டும். வீணான அச்சம் யாரையும் சுத்தியலோடு கூரைமேல் ஏற்றிவிடக் கூடாது.

ஆயினும் அப்பூட்டு நிலையானதன்று. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மிகுந்த மழை பொழிகிறது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வளியைக் கரைத்துக்கொண்டு மென்மையான காடியாக இறங்குகிறது. சீமெந்திலுள்ள சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் செல்கிறது. அதன்மேல் பாசி படர்கிறது. பாசிக்குத் துணையாய் வளரும் கற்பாசி இனங்கள் ஈரத்தைப் பிடித்துவைப்பதோடு தாமும் காடியைச் சுரந்து மேற்பரப்பை அரிக்கின்றன. ஆண்டுகள் பல கழிந்தபின் தகட்டின் முகம் சொரசொரப்பாகி, நார்முனைகள் வெளியே தலைநீட்டுகின்றன. அடைமழை அவற்றைக் கழுவிப் பீலியில் சேர்க்கிறது. கூரைநீரைப் பருகுவதால் கேடு விளையும் என்பதற்கு உறுதியான சான்று கிடைத்ததில்லை. கேடு மூச்சின் வழியே வருவது. ஆகவே பீலியில் படிந்த சேறு உலர்ந்து தூளாகும்போதுதான் கவலைக்குரியதாகிறது. அதனை ஈரமாகவே வழித்தெடுத்துப் பையிலிட்டுக் கட்டுதல் வேண்டும்.

கூரையின் உட்புறத்திலும் நோக்கவேண்டிய ஒன்றுண்டு. விறகடுப்பின் புகை படிந்து கரியேறிய தகட்டைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒட்டடை அடிக்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் உள்ளது. நீண்ட கம்பில் கட்டிய விளக்குமாறு பழைய தகட்டை உரசும்போது, கரியோடு நாரும் உதிர்கிறது. அண்ணாந்து நின்று அடிப்பவரின் முகத்திலேயே அது விழுகிறது. ஈரத்துணியைக் கம்பில் சுற்றி மெல்லத் துடைத்தால் அதே தூய்மை கேடின்றிக் கிட்டும்.

மூச்சின் வழியே

தகடு உடையும்போதும் அறுக்கப்படும்போதும் துளையிடப்படும்போதும் எழும் தூசியில், கண்ணுக்குப் புலனாகாத இழைகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. ஒரு மைக்ரோமீற்றர் தடிப்புள்ள இழை, காற்றசைவில்லாத அறையிற்கூட ஆள் உயரத்திலிருந்து தரைக்கு இறங்கப் பல மணிநேரம் எடுக்கும். தூசி அடங்கிவிட்டதெனக் கண் சொல்லும் வேளையிலும் மூச்சு அதனை உட்கொண்டிருக்கும்.

நுரையீரலின் நுனிப்பைகளில் தூய்மைப் பணி புரியும் விழுங்கு உயிரணுக்கள் உண்டு. சிறிய துகளை அவை விழுங்கி அகற்றிவிடும். தம்மினும் நீண்ட இழையை அவற்றால் முழுதாய் விழுங்க இயலாது. பாதி விழுங்கிய நிலையில் அவை சிதைந்து, அரிக்கும் வேதிப்பொருள்களைச் சுற்றுப்புறத்தில் கொட்டுகின்றன. அவ்விடம் புண்ணாகி ஆறி, தழும்பாகி இறுகுகிறது. இச்செயல் ஓயாது தொடர்வதால் நுரையீரல் விரியும் ஆற்றலை இழக்கிறது. சிலருக்கு நுரையீரலிலோ அதனைச் சூழ்ந்த உறையிலோ புற்று தோன்றுகிறது. முதல் மூச்சுக்கும் நோய்க்கும் இடையே 20 முதல் 40 ஆண்டுகள் கழியலாம். புகைபிடிப்பவர்க்கு நுரையீரற் புற்றின் வாய்ப்பு பன்மடங்காகிறது.

1924இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்னும் தொழிலாளிப் பெண் இறந்தபோது, அவரது நுரையீரலை ஆய்ந்த மருத்துவர் வில்லியம் குக் அதனுள் கனிமத் துகள்களைக் கண்டு எழுதினார். 1960இல் தென்னாபிரிக்காவின் வாக்னரும் அவர்தம் தோழர்களும் நுரையீரல் உறைப் புற்றுற்ற 33 பேரைப் பற்றி அறிக்கையிட்டனர். அவர்களுள் சிலர் கல்நார்ச் சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாதவர். சுரங்கத்தின் அருகே குடியிருந்தவர். குடியிருப்பும் ஓர் இடராகலாம் என்பதை உலகம் உணர்ந்தது அப்போதுதான். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை இன்று எல்லாவகைக் கல்நாரையும், வெள்ளைக் கல்நார் உட்பட, மாந்தர்க்குப் புற்று விளைப்பது உறுதியெனும் முதற் பிரிவில் வைத்துள்ளது.

கன்பரா தரும் பாடம்

நீக்கும் பணி எத்துணை அரிதென்பதற்கு அவுஸ்திரேலியத் தலைநகர் கன்பரா சான்று. 1968 தொடங்கி 1979 வரை, குளிர்காப்புக்காக வீட்டுக் கூரையறைகளுள் தூளாக்கிய கல்நாரை ஊதி நிரப்பிய தொழில் ஒன்று அங்கு நடந்தது. மக்கள் அதனை ‘மிஸ்டர் ஃபிளஃபி’ என்று அழைத்தனர். கேடு தெரிந்தபின் 1988 முதல் 1993 வரை, ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளிலிருந்து அரசு அதனை உறிஞ்சி அகற்றியது. பணி முடிந்ததென்றே எல்லாரும் நம்பினர். பின்னர்ச் சுவர்களின் உட்குழிவிலும் தளத்தின் அடியிலும் இழைகள் எஞ்சியிருப்பது வெளியாயிற்று. 2014இல் அவ்வீடுகளை அரசே விலைக்கு வாங்கி இடித்தகற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

நம் லயத்துத் தகடு அத்துணை கொடியதன்று. அங்கு நார் தனித்தே கிடந்தது, இங்குச் சீமெந்தில் பிணைந்துள்ளது. அப்பிணைப்பே நமக்குக் கிடைத்த காப்பு. தகட்டை உடைத்து இறக்குபவர் தம் கையாலேயே அக்காப்பை அழிக்கிறார்.

இறக்கும் முறை

சபரகமுவவில் கூரைவேலைக்கு ஏற்றது மழை தணிந்திருக்கும் தை, மாசித் திங்கள். இறக்குமுன் வீட்டிலுள்ள பாய், துணி, ஏனங்கள், உணவு யாவும் வெளியேற வேண்டும். குழந்தைகளும் முதியோரும் தொலைவில் தங்கவேண்டும். சிறிது சோப்புக் கலந்த நீரை மென்தூறலாகத் தகட்டின் இருபுறமும் தெளித்து நனைக்க வேண்டும். விசையோடு நீர் பாய்ச்சினால் அதுவே நாரைப் பெயர்க்கும். பழைய தகடு ஆளின் எடையைத் தாங்காது; அதன்மேல் நேரே கால் வைத்து விழுந்து மாண்டோர் பல நாடுகளிலும் உளர். கைமரங்களின் மேல் பலகையிட்டே நடக்கவேண்டும். நனைத்த பரப்பு வழுக்கும் என்பதால் இடுப்பில் கயிறும் வேண்டும்.

கொக்கி ஆணிகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். அவற்றைக் கழற்ற வேண்டும், அல்லது இடுக்கியால் ஆணியை வெட்ட வேண்டும். ஆணி வரவில்லையென்று தகட்டை அடித்து நொறுக்கலாகாது. இறங்கும் தகட்டை இருவர் தாங்கி, கை மாற்றிக் கீழே கொணர வேண்டும். எறிதல் கூடாது. தரையில் அடுக்கிய தகடுகளைத் தடித்த பொலித்தீன் விரிப்பால் இருமுறை சுற்றி ஒட்டி, உள்ளிருப்பது இன்னதெனப் பெரிதாய் எழுதவேண்டும். சிந்திய துண்டுகளை ஈரத்தோடு பொறுக்க வேண்டும். விளக்குமாறு தொடவே கூடாது. நுண்துகள் தடுக்கும் கவசமே மூக்குக்குக் காப்பு. துணி முகமூடி இழையைத் தடுக்காது. பணிசெய்த உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைத்தலாகாது. கணவரின் வேலையுடையை உதறித் துவைத்த மனைவியர் நோயுற்ற நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

இறக்கியபின் நேரும் பிழைகளும் பல. கழித்த தகட்டைக் கோழிக்கூட்டுக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் அறுத்து வேய்வது ஒன்று. உடைந்த துண்டுகளை நடைபாதைச் சேற்றில் நிரப்புவது மற்றொன்று. அங்கு அவை நாள்தோறும் காலடியில் அரைபட்டுத் தூளாகும். குப்பையோடு எரிப்பது மூன்றாவது. நார் எரியாது, சூடேறிய தகடோ வெடித்துச் சிதறும். அதற்கென ஒதுக்கிய இடத்தில் ஆழப் புதைப்பது ஒன்றே முறை.

அடுத்து எதை வேய்வது

ஓடு நல்லது; ஆயின் அதன் எடையைத் தாங்கப் பழைய லயச் சுவரும் மரமும் போதா. மரக்கூழ் நாரும் செயற்கை நாரும் கலந்த, கல்நாரில்லாச் சீமெந்துத் தகடு தக்க மாற்று. தகரமேயாயின் வெப்பத்தை எண்ணவேண்டும். சுட்ட தகரத்தின் அடிமுகம் வெப்பக் கதிரைக் கீழே உமிழ்கிறது. வீட்டினுள் நம்மைச் சுடுவது பெரும்பாலும் அக்கதிரே. பளபளப்பான அலுமினியப் படலம் தன் வெப்பநிலையில் ஒரு கரும்பரப்பு உமிழ்வதில் இருபதில் ஒரு பங்களவே உமிழும். தகரத்தின் கீழ் சிறு இடைவெளி விட்டு அப்படலத்தை விரித்தால் வெக்கை பெரிதும் தணியும். பின்னொருநாள் அதனைக் கையாலேயே கழற்றவும் முடியும்.

கூரையின் அடியில் பீய்ச்சும் பொலியூரித்தேன் நுரையைச் சிலர் மாற்றாகச் சொல்வர். இரு நீர்மங்கள் கலந்து பொங்கி இறுகும் அந்நுரை தொட்ட இடத்தை விடாது பற்றும். தீயில் நச்சுப்புகை விடும். ஒழுகும் நீரை மறைத்து மரத்தை உளுக்கச் செய்யும். பிரித்தானியாவில் கூரையறையில் நுரை பீய்ச்சியோர் பலர், அடமானக் கடன் மறுக்கப்பட்டு, இன்று பெரும்பொருள் செலவிட்டு அதனைச் சுரண்டி எடுக்கின்றனர். கல்நார்த் தகட்டின் அடியில் அதனைப் பீய்ச்சினால், பிறகு எவராலும் அத்தகட்டை முழுதாய் இறக்க இயலாது.

பொறுப்பு யாருடையது

2018 முதல் கல்நார் இறக்குமதியைத் தடுக்க இலங்கை அரசு முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் கப்ரா வண்டு காணப்பட்டதெனச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. கல்நாரை நமக்கு மிகுதியாய் விற்கும் நாடும் ரஷ்யாவே. சில நாள்களுக்குள் தேயிலைத் தடை நீங்கியது. கல்நார்த் தடையும் தள்ளிவைக்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் கைகளின் உழைப்பு, அக்கைகளுக்குரியோர் கூரைமேல் கிடக்கும் பொருளுக்காகவே பேரம் பேசப்பட்டது. இதனைத் தோட்டத்து மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

லயத்தின் கூரை தனியொரு குடும்பத்தினதன்று. 10 அடிக்கு 12 அடி அறைகள் வரிசையாய் நிற்க, அவற்றின்மேல் ஒரே கூரை ஓடுகிறது. ஒரு தகட்டின் விளிம்பு அடுத்த அறையின் தகட்டின்மேல் படிந்திருக்கிறது. பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதே இல்லை. ஒருவர் தம் அறையின் தகட்டை உடைத்தால் தூசி வரிசை முழுதும் பரவும். எனவே குடும்பத்துக்குக் குடும்பம் தகடு கொடுத்து, ‘நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்’ என்பது அறிவியலுக்கு முரண். லயம் முழுதையும் ஒருசேர, பயின்ற ஆள்களைக் கொண்டு இறக்குவதே முறை.

அம்முறைக்குப் பொருள் வேண்டும். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் ஆட்சி நிறுவனங்களிடம் சென்றது. இத்தனை மாற்றங்களிலும் லயம் அதில் வாழ்வோர் உடைமையாகவில்லை. தம்முடையதல்லாத கூரையை, தாம் தெரிவுசெய்யாத பொருளை, தம் நுரையீரலைப் பணயம் வைத்து இறக்கும் கடமை அவர்களுக்கு இல்லை. கூரையை உடையவர் எவரோ, இறக்கும் செலவும் அவருடையதே. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வீட்டுத்திட்டம் ஒவ்வொன்றிலும் புதுக்கூரையின் விலையோடு பழங்கூரையை இறக்கிப் புதைக்கும் செலவும் எழுதப்படவேண்டும். இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் புதைநிலம் எதுவென மத்திய சுற்றாடல் அதிகாரசபை பெயர் குறித்துத் தோட்டந்தோறும் அறிவிக்கவேண்டும். அதுவரை, உடையாத தகட்டை உடைக்காமல் வைத்திருப்பதும், ‘நனைத்து இறக்க ஆளனுப்புங்கள்’ என்று தோட்டத் துரையிடம் எழுத்தில் கேட்பதும் ஒவ்வொரு லயத்தாரின் உரிமை. அவ்வுரிமையை அறிவியல் முழுமையாக ஆதரிக்கிறது.